மாடியில் நின்ற பதினான்கு பேர்

அறுபதுகளின் தொடக்கத்தில், பழைய கட்டடங்களைப் படமெடுக்க உப்பிலியபுரம் பக்கம் போயிருந்தேன். அங்கே நெல் களஞ்சியத்துக்குக் காவல் ஒரு பெண். நெடிய உருவம், பேச்சுக்குப் பேச்சு சுவரைத் தட்டிக் காட்டுவார்.

"மாடி தாங்காது, இடிக்கணும்னு கலெக்டர் ஆபீசுல ஆர்டர் போட்டுட்டாங்க. உங்க படம் அவங்க வாயை அடைக்கணுங்க" என்றார்.

நடவு வயலிலிருந்த பெண்களைக் கூப்பிட்டார். பதினான்கு பேர் சேற்றுக் காலோடு மாடியேறி நின்று சிரித்தார்கள். எடுத்தேன்.

மறுவாரம், மலைக்கோட்டைக்குக் கீழே என் ஸ்டுடியோவில் படத்தை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனவர், மதியமே திரும்பி வந்தார்.

"ஆர்டர் ரத்துங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"மாடி தாங்கும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆர்டர் வந்தன்னிக்கே நான் ஏறிக் குதிச்சுப் பார்த்துட்டேங்க."

அவர் போன பிறகுதான், பெயரைக் கேட்கவில்லையே என்று தோன்றியது. என் பிரதியின் பின்னால் 'களஞ்சியத்து அம்மா' என்று எழுதி வைத்தேன்.