அடுப்படியில் மண்டபம், கட்டிலடியில் தலைமன்னார்

நெட்வொர்க் வேலை பார்க்கிறவங்களுக்குப் போன் அடிச்சாலே பயம்தான், உங்களுக்கும் அப்படித்தானே?

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ராமநாதபுரத்துல ஒரு ஐஸ் கம்பெனி, மண்டபத்துலயும் திருப்பாலைக்குடியிலயும் கிளை. ஆபீஸ்லேருந்து நெட்டுல டோக்கன் போனாத்தான் கிளையில மீன் புடிக்கிற போட்டுக்கு ஐஸ் ஏத்துவாங்க. மெயின் லைன் அறுந்தா ரெண்டாவது லைன் தானா ஏத்துக்கணும். அதை நான் செஞ்சு காட்டணும். "டோக்கன் நின்னுச்சுன்னா நீயும் நின்னுக்கம்மா"ன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. பழைய ரவுட்டரா வாங்கிப் போட்டு, வீட்டுலயே ஒத்திகையை ஆரம்பிச்சேன்.

சட்னி நேரம்

அடுப்படியில வச்ச ரவுட்டருக்கு மண்டபம்னு பேரு. நல்லா ஓடிக்கிட்டிருந்த மண்டபம் திடீர்னு செத்துப்போச்சு. போச்சு, நான் போட்ட செட்டிங்தான் தப்புன்னு வேர்த்து ஊத்த எல்லாத்தையும் அழிச்சு முதல்லேருந்து போட்டேன். அப்பவும் வரல. எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா, மாமியார் பிளக்கைப் புடுங்கிட்டு மிக்சி போட்டிருக்காங்க. என்ன மாமி இதுன்னேன். "சட்னி வேணுமா, ஒன் மண்டபம் வேணுமா? ஒண்ணச் சொல்லு."

ஊரா இல்ல?

தூரத்து லைன் இழுத்துக்கிட்டுத்தானே வரும்? அதுக்காக இன்னொரு ரவுட்டர்ல வேகத்தைக் குறைச்சு, கட்டிலடியில தள்ளி, தலைமன்னார்னு ஸ்டிக்கர் ஒட்டினேன். தூரம்னா நம்ம கரையில இருக்கிறவளுக்கு வேற எந்த ஊரு தோணும்? அந்த வாரம் பார்த்தா கடத்தல் கேசுக்குன்னு கடலோரப் போலீஸ் வீடு வீடா விசாரிச்சுக்கிட்டு வரணும்!

மினுக்குற பெட்டி, சுத்தி ஒயரு, மேல அக்கரை இலங்கை ஊரு பேரு. ஒத்திகை சார், ஐஸ் சார்னு என்னத்தையோ உளறினேன். மாமியார் வாய்க்குள்ளயே ஓத ஆரம்பிச்சுட்டாங்க. வந்த போலீசுல பெரியவர் ஒருத்தர் குனிஞ்சு பார்த்தாரு, எங்க ஆபீசுக்குப் போன் போட்டு விசாரிச்சாரு, அப்புறம்தான் மூச்சு விட்டேன். போறப்ப சொன்னாரு: "மொதல்ல அதைக் கிழிம்மா. பேரு வைக்க வேற ஊரா இல்ல?"

புடுங்கின நாள்

வீட்டுல எத்தனையோ தடவை ஒயரைப் புடுங்கிப் பார்த்தாச்சு, ரெண்டாவது லைன் ஏத்துக்கிச்சு. கம்பெனியில மெயின் ஒயரைப் புடுங்கிக் காட்டணும்னதும் கை போக மாட்டேங்குது. மேனேஜர் பக்கத்துலயே நிக்கிறாரு. திருப்பாலைக்குடியில கடலுக்குப் போற போட்டெல்லாம் ஐசுக்குக் காத்துக் கெடக்கு. வீட்டு ஒயருக்கு அந்தப் பக்கம் ஆளு கெடையாது. இதுக்கு அந்தப் பக்கம் அத்தனை குடும்பத்துப் பொழப்பு. யா அல்லாஹ்னு கண்ணை மூடிப் புடுங்கிட்டேன்.

உடனே போன். திருப்பாலைக்குடி கிளை கிளார்க். வேலை போச்சுன்னு நெனச்சுக்கிட்டேதான் எடுத்தேன். அவரு சலிச்சுக்கிட்டாரு: "டோக்கன் அதுபாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கு. எப்பத்தாம்மா ஒயரைப் புடுங்குவ? நான் டீ குடிக்கப் போகணும்."

வேலை தப்பிச்சுது, ஆனா நடந்ததே யாருக்கும் தெரியாத ஒரு காரியத்துக்கு இம்புட்டுப் பயந்தவ இந்த ராமநாதபுரம் சீமையிலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.