சி பிளாக்கில் எழாத கைகள்

ஐயனாருக்கு நாற்பத்தாறு வயது. அதில் பதினெட்டு வருடம் பிரஸ் ஷாப்பில் போனது. தகட்டை அச்சில் வைத்தால் இயந்திரம் மேலிருந்து ஓங்கி ஓர் அடி அடிக்கும். கார் கதவின் உள்பாகம் வெளியே வரும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் அடி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு வந்து, இருங்காட்டுக்கோட்டையில் எட்டுப் பேர் இருந்த அறையில் ஒன்பதாவது ஆளாகப் பாய் விரித்தவர், அந்தச் சத்தத்துக்குள்ளேயே கல்யாணம் முடித்து, மண்ணூரில் வாடகை வீடு பிடித்து, நிலைகொண்டார்.

காதில் வைத்துக்கொள்ள கம்பெனியில் மஞ்சள் நிறத்தில் அடைப்பான் கொடுத்தார்கள். புது ஆட்கள் வைத்துக்கொள்வார்கள். ஆனால் அச்சில் கோளாறு வந்தால் அடியின் சத்தம் நூலளவு மாறும். அதைக் கேட்டு லைனை நிறுத்துகிறவன்தான் நல்ல ஆப்பரேட்டர் என்பது அங்கே பேச்சு. ஐயனார் நல்ல ஆப்பரேட்டர். அடைப்பான்களைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்.

காது ஒரேயடியாகப் போகவில்லை. மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயின. கொசு ஓசை போனதில் வருத்தமில்லை. அப்புறம் பேச்சிலேயே ஓட்டை விழுந்தது. ஆள் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. எதிராளியின் உதட்டைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், முன்னே பின்னே யோசித்து ஒரு ‘ம்’ போடுவார். முக்கால்வாசி நேரம் அந்த ‘ம்’ சரியாகவே பொருந்தியது.

நாலு வருடத்துக்கு முன் அந்த லைன் மூடப்பட்டது. பிறகு அகப்பட்ட வேலையெல்லாம் செய்தார். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே இசை அரங்கம் எழும்பத் தொடங்கியபோது அங்கே போய்ச் சேர்ந்தார். கல்யாண மண்டபங்களுக்கும் கார் ஷோரூம்களுக்கும் பஞ்சமில்லாத இடத்தில், பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு கட்டடம். ஊர்க்காரர்களும் சபைகளும் கம்பெனிகளும் சேர்ந்து குழு அமைத்துக் கட்டினார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தப் பாட்டும் பாடலாம் என்று வாசல் பலகையில் முதல் நாளே எழுதி வைத்துவிட்டார்கள்.

எண்ணூற்று நாற்பது நாற்காலிகளையும் தரையில் போல்ட் போட்டு இறுக்கியது ஐயனாரும் இன்னும் மூன்று பேரும். எந்த நாற்காலி சாயும்போது முனகும் என்பதுகூட அவருக்குத் தெரியும், கை வைத்துப் பார்த்தே. அவருடைய வேலைச் சுத்தத்தைப் பார்த்த குழுச் செயலாளர் அய்யாத்துரை ஒருநாள் கூப்பிட்டு, “திறந்த பிறகு அரங்க உதவியாளர்னு ஒரு நிரந்தர வேலை இருக்கு. கதவு, நாற்காலி, வர்றவங்களுக்கு இடம் காட்டறது. நீங்க இருங்களேன்” என்றார். அய்யாத்துரை ஒரகடத்தில் முப்பது வருடமாக இரும்புக் கடை வைத்திருப்பவர். வாய் நிறையப் பேசுவார், உதடு தெளிவாக அசையும். ஐயனாருக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

ஆனால் அலுவலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்பில் ஒரு வரி இருந்தது: ‘கண் பார்வையும் காது கேட்கும் திறனும் நன்றாக இருத்தல் வேண்டும்.’ கண் பார்வை நன்றாக இருந்ததால் அதை இரண்டு முறை படித்தார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் இனி ஒரு நிரந்தர வேலை எங்கே கிடைக்கும்?

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு சனிக்கிழமை, அரங்கத்தில் ஆட்களை உட்கார வைத்துச் சத்தம் சோதித்தார்கள். ஒலிப் பொறியாளர் ஷெர்லின், சென்னையிலிருந்து வந்துபோகும் இருபத்தெட்டு வயதுப் பெண். காலி அரங்கத்தில் கருவி வைத்து எல்லாம் அளந்தாயிற்று. ஆனால் அதற்குப் பிறகுதான் இடது சுவர் முழுக்க மரப்பலகைகள் ஏறியிருந்தன. கருவிகளோ வேறு ஊருக்குப் போய்விட்டன. “கேக்கப் போறது மனுஷங்கதானே, மனுஷங்களையே கேட்டுப் பார்த்துடலாம்” என்றாள் ஷெர்லின்.

ஊரே வந்தது. கன்னியாஸ்திரிகள், மணிமங்கலத்து பஜனைக் கோஷ்டி, கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். முதல் ஷிப்டு முடித்த ஆட்களை இரண்டு கம்பெனி பஸ்கள் நேராகக் கொண்டுவந்து இறக்கின. பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே கலையாமல் வந்து, இடது பக்கம் சி பிளாக்கில் எழுபது பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கேன்டீனிலும் அப்படித்தான், கல்யாணத்திலும் அப்படித்தான். எல்லாரும் பிரஸ் ஷாப்.

“அண்ணே, இன்னா அங்க நின்னுகினு கீற, இங்க வா!” என்று கையாட்டினான் பிரவீன். முன்பு ஐயனாரின் லைனிலேயே வேலை பார்த்தவன். ஐயனார் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேடையிலிருந்து ஒரு சத்தம் வரும், கேட்டவர்கள் கை தூக்க வேண்டும். இவ்வளவுதான். ஐயனார் முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தார்: பக்கத்து ஆளைப் பார்ப்பது, அவன் தூக்கினால் தூக்குவது.

முதலில் தடித்த சத்தங்கள். திட்டத்துக்கே வேலையில்லை, நெஞ்சில் வந்து முட்டின. எல்லாக் கைகளும் எழுந்தன. சத்தம் மெலிந்து மேலே ஏற ஏற அவருக்கு ஒன்றும் எட்டவில்லை. கடைக்கண்ணால் பிரவீனைப் பார்த்தார்.

பிரவீன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் சட்டென்று முன்னால் திரும்பினார்கள். முன்வரிசையில் ஒருவர் மெல்லப் பின்னால் திரும்பி இவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு அறையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்க்கிறவர்களைப் போல எழுபது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, மடியில் கையோடு. வலது பக்கம் கன்னியாஸ்திரிகளின் கைகளெல்லாம் மேலே இருந்தன.

ஷெர்லின் அடுத்தடுத்து நாலு சத்தம் போட்டாள். நாலுக்கும் சி பிளாக் அசையவில்லை. அவள் தாளில் ஏதோ வட்டமிட்டாள். முகம் சுண்டிப்போய்விட்டது. மேடையிலிருந்து இறங்கி இடது சுவரின் பலகைகளை அண்ணாந்து பார்த்தாள். அய்யாத்துரையும் பின்னாலேயே வந்தார். தச்சர் கார்முகிலைக் கூப்பிட்டார்கள்.

கார்முகில் அந்தப் பலகைகளில் மூன்று மாதம் இழைத்தவர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழம், ஒவ்வொரு வளைவு. படத்தில் இருந்த அளவு தப்பக்கூடாது என்று மதியச் சோற்றையும் பலகை நடுவிலேயே உட்கார்ந்து தின்றவர். பசை போட்டுப் பதித்தாயிற்று. கழற்றினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அவர்கள் நின்றது ஐயனாரின் வரிசைக்கு ஓரத்தில். அவர் உதடுகளைப் படித்தார்.

“இந்த இடத்துல மட்டும் சத்தம் செத்துப்போகுது சார். பலகைதான் முழுங்குது. அளவு எங்கியோ தப்பியிருக்கு” என்றாள் ஷெர்லின்.

“மேடம், நூலளவு மாத்தல மேடம். படத்த எடுத்துட்டு வந்து காட்டட்டுமா?”

“உங்கள குத்தம் சொல்லல. ஆனா எழுபது பேருக்கு ஒருத்தர்கூடக் கை தூக்கலியே.”

“நாள் இல்லம்மா. நாளைக்கே கழட்டிருவோம்” என்றார் அய்யாத்துரை.

கார்முகில் சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

பேசாமல் இருந்துவிடலாம். ஐயனார் அப்படித்தான் நினைத்தார். பலகை போனால் வேறு பலகை. வேலை போனால் வேறு வேலை இல்லை. ஆனால் எழுபது பேருக்கும் தெரிந்த ஒன்று அந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை, அதற்காக ஒரு ஆளின் மூன்று மாதத்தை உடைக்கப் போகிறார்கள். அவர் எழுந்தபோது நாற்காலி படாரென்று மடிந்தது.

“மேடம், பலகைல கோளாறு இல்ல. காதுலதான் கோளாறு.”

“யார் காதுல?”

மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. “என் காதுல. எனக்குச் சின்னச் சத்தம் கேக்காது. இங்கன உக்காந்தாலும் கேக்காது, மேடையில ஏறி உக்காந்தாலும் கேக்காது. வேணும்னா என் சீட்ல நீங்க உக்காந்து பாருங்க.”

அய்யாத்துரை அவரை ஏறிட்டுப் பார்த்தார். ஐயனார் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஷெர்லின் வந்து, பிரவீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் இருந்த ஆளுக்குச் சைகை காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கை தூக்கினாள். அடுத்ததற்கும் தூக்கினாள். அதைவிட மெல்லியதற்கும். எழுபது ஆண்களுக்கு நடுவில் அவள் கை மட்டும் தனியாக மேலே நின்றது. இவர்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி அத்தனை முகங்களையும் பார்த்தாள். புரிந்துவிட்டது. கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

“மானத்த வாங்கிட்டியேண்ணே” என்றான் பிரவீன். கோபமாகத்தான் சொன்னான். பிறகு ஷெர்லினிடம், “மேடம், அது எப்படி கீது? அந்தச் சத்தம்?” என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். அவன் முகத்துக்கு நேராகத் திரும்பி, நிறுத்திச் சொன்னாள். “சின்னதா இருக்கும். தூரத்துல கொலுசு மாதிரி.”

“என் பாப்பா வூட்ல கொலுசு போட்டுகினு ஓடுது. சத்தம் வராத கொலுசு போலன்னு நெனச்சினு இருந்தேன்” என்றான் பிரவீன்.

ஷெர்லின் தாளில் வட்டமிட்டதை அடித்தாள். ஆட்களைக் கலைத்து, இரண்டு வரிசைக் கன்னியாஸ்திரிகளையும் கல்லூரிப் பெண்களையும் சி பிளாக்கில் உட்காரவைத்து மறுபடி சோதித்தாள். அரங்கத்தில் ஒரு குறையும் இல்லை. கார்முகில் போகும்போது ஐயனாரின் தோளைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி முப்பிடாதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார். வேலை இனி இல்லை என்பதையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

“சொல்லிட்டீகளா? இப்பவாச்சும் சொன்னீகளே. போன தீவாளிக்கு எங்க அண்ணன் குடும்பத்த வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன், ‘ம்’னீக. அவுக பத்துப் பேர் வந்து நின்னதும் திருதிருன்னு முழிச்சீக. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்வீகன்னு இருந்தேன். வேல போனாப் போகுது. இனிமே ‘ம்’ கொட்டாம, கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க. ரெண்டு தரம் சொல்றதுக்கு எனக்கு என்ன, வாயா தேஞ்சிரும்?”

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. ஒன்பதாம் நாள் அய்யாத்துரை ஆள் அனுப்பினார். அறிவிப்புத்தாள் அவர் மேசையில் கிடந்தது.

“இந்த வரிய எழுதினது நான்தான். வேற எங்கியோ போட்டிருந்தாங்க, பார்த்து எழுதினேன்” என்றார், உதடு நன்றாக அசைய. “குழுவுல பேசினோம். அந்தப் பொண்ணு ஷெர்லின் ஒண்ணு கேட்டுச்சு. எல்லாருக்கும்னு வாசல்ல எழுதிட்டு, உள்ள எழுபது பேருக்குக் கேக்கலன்னா அது யாருக்குக் கட்டின அரங்கம்னு. சி பிளாக்ல நாலு வரிசைக்குத் தனியா வயர் இழுக்கப் போறோம். காதுல மெஷின் வச்சவங்களுக்கு மேடைச் சத்தம் நேரா வரும். அங்க யாரு உக்காரணும், எப்படி மாட்டணும்னு சொல்லிக்குடுக்க ஒரு ஆள் வேணும். கேக்காத கஷ்டம் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது.”

“சார், மெஷின் எங்கிட்ட இல்ல.”

“வாங்கிக்கலாம். திறப்பு விழா அன்னைக்கு நீங்க மாட்டிக்கிட்டு நிக்கணும். அப்பத்தான் மத்தவங்க மாட்டுவாங்க.”

பேனாவை எடுத்து அந்த வரியை இரண்டு முறை அடித்தார்.

மறுநாள் அரங்கத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பிரவீன் வந்து நின்றான். கோபம் தீர்ந்த மாதிரியும் இருந்தது, தீராத மாதிரியும் இருந்தது. டீ சொன்னான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து ஏதோ கேட்டான்.

“கேக்கல. சத்தமாச் சொல்லு” என்றார் ஐயனார்.

மறுபடி சொன்னான். “இன்னும் கேக்கல.” நாலாவது தடவை பிரவீனுக்குப் பொறுமை போய்விட்டது. “காது டாக்டரு எங்க கீறாருன்னு கேட்டேண்ணே!” கடை முழுக்கத் திரும்பியது.

“பூந்தமல்லில! செவ்வாக்கெழம போறேன்!” என்று ஐயனாரும் அதே சத்தத்தில் சொன்னார்.

ஓரத்துப் பெஞ்சில் கம்பெனிச் சட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“ஷேர் ஆட்டோ சொல்லிடுவோமா? நாங்க நாலு பேர் கீறோம்.”