நான்காம் எண் ஏன் முதலில் வருகிறது

நம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் இதுவரை ஒரு காலை வணக்கம்கூடப் போட்டதில்லை நான். இன்று திடீரென்று இவ்வளவு நீளமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்களுக்குத் தெரிந்த கதைதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விளக்கிச் சொல்கிறேன்.

ப்ளீச் போட்ட துணியின் வாசம்... நம் ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியை நினைத்தால் எனக்கு அதுதான் முதலில் வருகிறது. ரிசப்ஷன் போனின் ரிசீவரில்கூட அந்த வாசம் ஏறியிருக்கும். வெளியிலிருந்து எந்தக் கால் வந்தாலும் என் மேஜையிலிருந்த சாம்பல் நிற எக்ஸ்சேஞ்ச் பெட்டியில்தான் 'க்ர்ர்' என்று அடிக்கும். எடுத்து, யார் என்று கேட்டு, உரிய ஆளுக்குக் கொடுப்பேன்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் போன் எடுக்கிறாளே என்று எங்கள் குடியிருப்பான மடவார் வளாகத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. போனில் மட்டும் தடையில்லாமல் வரும்.

பேக்கிங் ஹாலுக்குள் செல்போன் கூடாது. தொப்பி, மாஸ்க் எல்லாம் போட்டுப் போகிற இடம். போன்களை வாசலில் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் அவசரம் என்றால் ஆபீஸ் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். நான் ஹாலின் சுவர் போனுக்குக் கொடுப்பேன்.

பாண்டியம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். மலையில் டியூட்டி. சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு எப்போது இறங்கி வருவார் என்று அவருக்கே தெரியாது. வந்தால் உடனே கூப்பிடுவார். "தங்கச்சி, பாண்டியம்மா..." என்பதற்குள் நான் லைனைக் கொடுத்திருப்பேன்.

பிறகு புது சாஃப்ட்வேர் வந்தது. போன், மெசேஜ், மீட்டிங் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே. ஆளுக்கொரு ஹெட்செட். பேரின் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் ஆள் சீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு உண்மையிலேயே ரொம்பப் பிடித்தது. அதன் செட்டிங்ஸ் முழுவதையும் ஒரே வாரத்தில் படித்துவிட்டேன்.

ஆனால் கால்கள் என்னிடம் வருவது நின்றது. பதிவு செய்த ஒரு பெண்ணின் குரல் இங்கிலீஷில் எடுக்கும். சேல்ஸுக்கு ஒன்று, பர்ச்சேஸுக்கு இரண்டு, அக்கவுண்ட்ஸுக்கு மூன்று. ஹாலுக்கு எண்ணே இல்லை. சுவர் போனையும் கழற்றிவிட்டார்கள். வத்திராயிருப்பிலிருந்து ஒரு அம்மா நேரிலேயே வந்து சண்டை போட்டார்கள்: "எம்மவள கூப்பிடுன்னு எம்புட்டு நேரம் கெஞ்சுறேன்... அந்தப் பொம்பள எனக்குப் பதிலே சொல்லாம அவ பாட்டுக்குப் பேசுதா!"

ஆபீஸே சிரித்தது. நானும்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பாண்டியம்மாள் அக்கா செல்போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். அவர் போனில் மிஸ்டு கால்கள்.

"ஏட்டி, அவிய கூப்பிட்டிருக்காக. ஆபீஸுக்கும் அடிச்சிருப்பாகளே?"

"இப்ப எனக்குக் கால் வராதுக்கா..."

அக்கா திட்டவில்லை. திரும்ப அடித்துப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. "இனி எப்ப கீழ எறங்குவாகளோ," என்று மட்டும் சொல்லிவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வெள்ளிக்கிழமை, சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த மதுரைக்காரர் வந்தார். மீட்டிங்கில், "ஏதாவது பிராப்ளம் இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சூப்பர் என்றார்கள். நான் எழுந்து நின்றேன்.

"ஹாலுக்குப் போன் இல்ல சார்."

மேனேஜர் சார் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, உனக்குப் பேச வருமா! இத்தன நாளா தெரியாமப் போச்சே."

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். மதுரைக்காரர், "அங்க யாருக்கும் லாகின் கிடையாதே மேடம்," என்றார்.

"லாகின் வேண்டாம் சார். பழைய சுவர் போனையே ஒரு அடாப்டர் வச்சு இதுல சேக்கலாம். மெனுவுல நாலுன்னு ஒண்ணு போட்டாப் போதும்."

அவர் லேப்டாப்பில் தட்டிப் பார்த்தார். "ஆமா, முடியும்," என்றார்.

"பொறவு அம்புட்டுப் பேரும் போன்லயே நிப்பாங்களேம்மா," என்றார் மேனேஜர் சார்.

"இத்தன நாளும் நான்தான சார் கனெக்ஷன் குடுத்தேன்? வேலைய விட்டுட்டு யாரும் நின்னு பேசினதில்ல." அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "இன்னொண்ணு சார். அந்த நாலத்தான் முதல்ல சொல்லணும். தமிழ்ல."

"சேல்ஸுக்கு முன்னாடியா?"

"சேல்ஸுக்குக் கூப்பிடுறவங்க செத்த நேரம் காத்திருப்பாங்க சார். பட்டாளத்துல இருந்து கூப்பிடுறவங்களுக்கு அதுக்குள்ள சிக்னல் போயிடும்."

சார் மதுரைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். "சரி... நீயே பேசிக் குடு," என்றார்.

பஞ்சு ரோல்கள் அடுக்கிய ஸ்டோர் ரூமில் எதிரொலியே இருக்காது. அங்கே நின்றுதான் பதிவு செய்தேன். "வணக்கம். பேக்கிங் ஹாலில் இருப்பவர்களிடம் பேச, நான்கை அழுத்துங்கள்."

சில நாள் கழித்து ஒரு முற்பகலில் ஹால் போன் அடித்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். யாரோ எடுத்து, கையை உயர்த்தி அழைத்தார்கள். பாண்டியம்மாள் அக்கா மாஸ்க்கை இறக்கிக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்தத் தடவ நம்ம தங்கச்சியே பேசுச்சு, ஆனா நான் சொன்னத கேக்கவே இல்லையேன்னு அவிய கோவிச்சுக்கிட்டாக ஏட்டி," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது கோயம்புத்தூரில் இதே மாதிரி சாஃப்ட்வேரைப் பல கம்பெனிகளுக்குப் போட்டுக்கொடுப்பதுதான் என் வேலை. மீட்டிங்கில் எழுந்து பேசத் தயங்குவதில்லை. அந்தப் பழைய சாம்பல் நிறப் பெட்டி திரும்ப வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. புதியது எல்லா விதத்திலும் மேல். ஒன்றே ஒன்று... அன்றைக்குக் குரலை வைத்தே எதிர்முனையில் இருப்பவரின் அவசரம் தெரியும். இன்று பச்சைப் புள்ளியில் அது தெரிவதில்லை. யாராவது முன்கூட்டியே யோசித்துச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

இனி, இவ்வளவு நேரம் கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிடுகிறேன். என் இடத்தில் இப்போது இருக்கும் முத்துலட்சுமி நேற்று மெசேஜ் போட்டிருந்தாள். புது வெர்ஷன் வருகிறதாம். மெனுவில் ஒன்றுக்கு முன்னால் நான்கு வருவது தவறு என்று வரிசையைச் சரிசெய்யப் போகிறார்களாம்.

அது தவறு இல்லை, முத்து. ஹாலில் புதிதாகச் சேர்ந்தவர்களின் வீட்டுக்காரர்களும் பட்டாளத்தில் இருக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். மேனேஜர் சார், நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். என் குரலை எடுத்துவிடுங்கள், வருத்தமில்லை. நாலை மட்டும் முதலில் சொல்லுங்கள்.