விழுந்த சாதிக்காய்

சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்கதவைத் தட்டாமல் பின்பக்கமாகவே போய் அடுப்பு எரியும் குசினிக்குள் நுழைவார் ஸுபைதா. மாத்தளைப் பக்கத்து அலுவிகாரையில் எந்த வீட்டின் முன்வாசலும் அவருக்குத் தெரியாது. ஆண்களிடம் நன்கொடை கேட்டால் வரும் பதில் மனப்பாடம்: "யூனிவர்சிட்டிக்கு அரசாங்கமே குடுக்குதே, நாங்க எதுக்கு?"

"மரத்துல இருக்கிறது அவங்கட. கீழ விழுந்தது எங்கட" என்பது ஸுபைதாவின் சட்டம். மிளகுக்கும் கராம்புக்கும் ஏணி வேண்டும். சாதிக்காய் பழுத்தால் தானே விழும். அப்படிப் பார்த்தால் மாத்தளையின் சாதிக்காய் முழுவதும் பெண்களுடையது! இந்தச் சட்டம் கோர்ட்டில் செல்லுமோ தெரியாது, குசினியில் செல்கிறது. பெண்கள் சிரித்துக்கொண்டே சாக்கில் ஒரு பிடி, இரண்டு பிடி கொட்டுகிறார்கள். கஞ்சப் பெண் எவளாவது சொத்தைக் காயைப் போட்டால், "இதுல கூரை ஒழுகும் புள்ள" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கூரை என்பது வேடிக்கைப் பேச்சில்லை. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கட்டும் விடுதி கூரையில்லாமல் நிற்கிறது. "அரசாங்கத்தின்ர காசு சுவரோட முடிஞ்சுது. மிச்சத்தை ஊர்தான் போடவேணும்" என்று, நிதி சேர்க்கும் தவமணிதேவி டீச்சர் சொன்ன அன்றே ஸுபைதா சாக்கைத் தேடி எடுத்தார். மகள் றம்லாவுக்கு அங்கே படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவளுடைய வாப்பா முத்தலிப்போ, "ஹொஸ்டல் இருந்தா பாப்பம். ஊரான் வீட்டு அறையில என்ட புள்ள தங்க மாட்டா" என்று முடித்துவிட்டார். அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. றம்லா மட்டும் சோற்றைக் குறைத்துக்கொண்டாள்.

சேர்ந்த காயை விற்பது கணவரின் கடையில்தான். முத்தலிப் நல்ல விலை கொடுப்பார். ஆனால் சரக்கு வாங்கும்போது அவருடைய சுண்டுவிரல் தராசின் எடைக்கல் தட்டின்மேல் லேசாகப் படியும். ஒரு பிடி காய் அவருக்குச் சும்மா வந்து சேரும். கடை திறந்த நாள் முதல் உள்ள பழக்கம். ஊருக்கே தெரியும், சொல்லும் துணிவு மனைவிக்கு மட்டும்தான். "றம்லாட வாப்பா, விரல எடுங்க! அது புள்ளைகள்ட கூரை." கடையே சிரிக்கும். அவர் விரலை எடுப்பார்.

போன சனிக்கிழமையும் சாக்கு கடைக்கு வந்தது. காயைத் தட்டில் கொட்டிவிட்டு, வழக்கம்போல் அதட்ட வாயைத் திறந்தார் ஸுபைதா. எடைக்கல் தட்டின்மேல் விரல் இல்லை. அது சாதிக்காய்த் தட்டின்மேல் இருந்தது, காயின் எடை கூடும்படி நன்றாக அழுத்திக்கொண்டு.

திறந்த வாயை மூடி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸுபைதா வீதிப் பக்கம் திரும்பி, போய்க்கொண்டிருந்த கண்டி பஸ்ஸைப் பார்த்தார்.