மடித்துவிட்டு எழும்புகிறவர்கள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் நல்ல மனிதர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை வாய்க்காரி என்று யாரும் சொல்லக்கூடாது. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், கிளார்க்மார், மருந்துக் கடைப் பிள்ளைகள், பூசை முடிந்து வருகிற குடும்பங்கள். பீங்கான் தட்டின் மேல் லஞ்ச் சீட் என்கிற மெல்லிய பொலித்தீன் தாளை விரித்துத்தான் சோறு போடுவோம். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பொலித்தீனை நான்கு பக்கமும் இழுத்து, மிச்சச் சோறு, மீன் முள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பொட்டலமாக மடித்துவிட்டுத்தான் எழும்புவார்கள். வாழையிலையை மடிக்கிற அதே மரியாதை. இலை போய்ப் பொலித்தீன் வந்தாலும் கை பழக்கத்தை விடவில்லை. மடிக்காமல் எழும்பினால் வளர்ப்புச் சரியில்லை என்று நினைப்பார்கள். இந்த மரியாதையைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். மடித்த பொட்டலத்தை எந்த மிருகத்துக்கும் வைக்க முடியாது, உரமாகவும் போட முடியாது. மாநகரசபை லொறியில் ஏற்றத்தான் முடியும்.

லொறி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்தது கொலன்னாவைப் பக்கம். எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் குப்பைமேடு. கொழும்பு தின்று கழித்ததெல்லாம் எங்கள் தலைக்கு மேலே. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு வாங்கில் போய் இருந்தாள். நான் குளித்து, பவுடர் பூசி, பின்னல் போட்டுத்தான் போயிருந்தேன். அவள் முகத்தை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். இப்போது குப்பையைத் தூரத்து ஊருக்குக் கொண்டு போகிறார்களாம். ஏன், அந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லையா, பிள்ளைகள் இல்லையா? கல்யாணம் முடித்து இந்தக் கடைக்கு வந்த நாள் தொட்டு எங்கள் கடைச் சோறு அந்த லொறியில் ஏறக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

மற்றவற்றுக்கெல்லாம் ஆள் இருந்தது. அட்டைப் பெட்டியும் போத்தலும் எடுக்கத் தள்ளுவண்டிக்காரர் வருவார். சிரட்டையைப் பக்கத்துத் தெரு லோண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டிக்குக் கேட்டு வாங்கிப் போவார். மிச்சச் சோற்றுக்குத்தான் ஆள் இல்லை. கோயில் திருநாள் ஒன்றில் எனக்குப் பக்கத்தில் நின்று செபமாலை சொன்ன பெண் பன்றி வளர்க்கிறவள் என்று தெரிந்தபோது, செபத்தை அப்படியே விட்டுவிட்டு அவளோடு கதைக்கத் தொடங்கினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. புருசன் பாரிசவாதம் வந்து படுக்கையில். பின் சீட்டைக் கழற்றிய ஓட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாளிகளை ஏற்றிப் போவதாகச் சொன்னாள்.

"ஆனா அக்கா, லஞ்ச் சீட் ஒரு துண்டும் வரப்படாது," என்றாள். "பண்டி பிரிச்சுப் பார்த்துத் தின்னாது. மணம் பிடிச்சா அப்பிடியே விழுங்கும். ஒரு தாய்ப்பண்டிய நம்பித்தான் நான் இருக்கிறன். அது நல்லா ஈண்டு குட்டியள் தப்பினா, நான் ஆரிட்டயும் கை நீட்டத் தேவையில்ல."

முதலில் நானே பின்பக்கம் குந்தியிருந்து ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தேன். மாதாவே, அந்த மணம்! கையைப் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. இது சரிவராது என்று சீட்டையே நிறுத்தினேன். பீங்கானைச் சுடுதண்ணீரில் கழுவி அப்படியே சோறு போடுவோம் என்றேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உமக்கென்ன விசரா? சனம் வராது."

"சோறு ருசியா இருந்தா வரும். பொலித்தீனைத் தின்னவா வருகுதுகள்?"

சனம் வந்தது. முணுமுணுத்துக்கொண்டு வந்தது. துறைமுகக் கிளார்க் ஒருவர் பீங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு சீட் போடுங்களேன். ஆர் திண்ட பீங்கானோ தெரியாது," என்றார்.

"போன கிழமை கல்யாண வீட்டில திண்டீங்களே, அந்தப் பீங்கான் வானத்தில இருந்தா விழுந்தது?"

சிரித்தார். மற்ற நாள் வரும்போது வீட்டிலிருந்தே ஒரு சீட்டைக் கொண்டு வந்து விரித்தார். சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல மடித்து மேசையில் வைத்தார். அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "கொண்டு வந்தத வீட்ட கொண்டு போங்க தம்பி," என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது. வாடிக்கையாளரை அவமதித்துவிட்டேனாம்.

அப்படிச் சண்டை பிடித்துப் பிடித்து ஒரு ஒழுங்கு வந்தது. பன்றி வளர்க்கிறவள் ஆரம்பத்தில் வாளிக்குள் கையை விட்டு அடிவரை கிளறிப் பார்ப்பாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை, அது அவள் பிழைப்பு. கொஞ்சக் காலம் போனதும் பார்ப்பதை விட்டாள். "அக்காட வாளிய எதுக்குப் பாக்கிறது," என்பாள். தாய்ப்பன்றி சினைப்பட்ட செய்தியை வாசலில் நின்றே கத்திச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும், எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அந்த நேரம்தான் ஒரு கொம்பனியில் இருந்து பெரிய ஓடர் வந்தது. வியாபாரம் செய்கிறவர்கள் குப்பையைக் குறைப்பது எப்படி என்று ஒரு கருத்தரங்கு. அதற்கு மத்தியானச் சாப்பாடு. சிரிக்காதீர்கள். மண்டபத்தில் பீங்கான் கழுவ இடமில்லை, லஞ்ச் சீட் போட்டுத்தான் பரிமாற வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஓம் என்றிருக்கிறார். சீட் விசயத்தை எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியாதா? நான் அன்று சொந்தக்காரர் ஒருவரின் அடக்கத்துக்குப் பொரளைக்குப் போயிருந்தேன்.

பின்னேரம் நான் திரும்பி வந்தபோது அவள் வந்து வாளிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தாள். சீட் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. கருத்தரங்கு நல்லபடி முடிந்ததா என்று கேட்டேன். "முடிஞ்சுது. சாப்பாட்டப் பற்றி நல்லாச் சொன்னாங்க," என்றார்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. புருசனுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்தேன். கடைசியில் எடுத்தாள்.

"தாய்ப்பண்டி செத்துப் போச்சு அக்கா," என்றாள். "தின்னாமக் கிடந்து வயிறு வீங்கிச் செத்துது. எனக்கு மனசு கேக்காம வெட்டிப் பார்த்தன். உள்ள முழுக்க லஞ்ச் சீட். ஆரோ வடிவா மடிச்சு வச்சது." பிறகு ஃபோனை வைத்துவிட்டாள்.

நான் குசினிக்குள் போய் என் வீட்டுக்காரரின் கையில் இருந்த அகப்பையைப் பிடுங்கினேன். சீட் எப்படி வாளிக்குள் வந்தது என்று கேட்டேன். மனுசன் மறைக்கவில்லை. மண்டபத்தில் ஆட்கள் சாப்பிட்டுவிட்டு மடித்து வைத்ததை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாராம். லொறி காலையிலேயே போய்விட்டது. வைத்தால் நாறும். அவள் வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு நின்றாள். அதனால் வாளிக்குள் கொட்டி, மேலே எங்கள் கடைச் சோற்றையும் பருப்பையும் போட்டு மூடியிருக்கிறார்.

"அது மண்ணில உக்கிப் போற சீட் எண்டு பெட்டியில போட்டிருந்துது," என்றார். "ஒரு நாள்தானே எண்டு நினைச்சன்."

"உக்கிறதெண்டா மேல சோறு போட்டு ஏன் மூடினீங்க?"

அவர் என் கையில் இருந்த அகப்பையை வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினார்.

அடுத்த நாள் பஸ் பிடித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனேன். பன்றிக்கூடு கழுவிக் காயக் கிடந்தது. மற்றப் பன்றிகளை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டாளாம். உள்ளே கட்டிலில் கிடந்த புருசன் இயங்குகிற ஒரு கையைத் தூக்கி எனக்குக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. என்னத்துக்கு ஐயா என்னைக் கும்பிடுகிறீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவள் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். என் பக்கத்தில் இருந்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஒரு குட்டி வாங்கித் தருகிறேன், திரும்பத் தொடங்கு என்றேன். இனி ஒவ்வொரு வாளியையும் என் கையாலேயே நிரப்புவேன், வேறு யாரையும் கிட்ட விடமாட்டேன் என்று மாதாவின் மேல் சத்தியம் பண்ணினேன்.

அவள் என் கோப்பையை வாங்கி நிலத்தில் வைத்தாள்.

"உங்கள நம்புறன் அக்கா," என்றாள். "உங்கட வீட்ட நம்ப ஏலாது."

கடைக்கு வந்தேன். மத்தியான நேரம். மேசைகளில் எல்லாப் பீங்கானிலும் லஞ்ச் சீட் விரித்திருந்தது. இனி யாருக்காகக் கழுவுவது என்று என் வீட்டுக்காரர் நினைத்திருப்பார். கிளார்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இப்பதான் அக்கா கடை சுத்தமா இருக்கு," என்றார். நான் அவருக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டார், மடித்தார், எழும்பினார். மறுநாள் காலையில் அது லொறியில் போனது. இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.