சித்தப்பாவின் மூக்கும் சபையின் ஃபிரிட்ஜும்

என் சித்தப்பா குழாய் ரிப்பேர் செய்பவர். சர்ச் சபையில் அவரைக் 'குழாய் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அடைத்துக்கொண்ட குழாயை மோந்து பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். மூக்கென்றால் அது மூக்கு! அந்த மூக்கு ஒரு காலத்தில் அவரை எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனது என்பது வீட்டில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குப் போன வீட்டுக் குளியலறையிலேயே குடித்துவிட்டுத் தூங்கிய மகராசன் அவர்.

குடியை விட்டதும் சர்ச் தேடினார். மற்ற சர்ச்சுகளில் திருவிருந்துச் சடங்கில் ஒரு மடக்கு ஒயின் தருவார்கள், மெதடிஸ்ட் சபையில் வெறும் திராட்சைச் சாறுதான் என்று யாரோ சொல்ல, அங்கேயே சேர்ந்துவிட்டார். "வேற எங்கயாவது ஒரு மடக்கு உள்ள போச்சுன்னா நான் அவ்வளவுதான்டா," என்பார் என்னிடம். பழைய கதையைச் சபையில் மூச்சுவிடவில்லை. அங்கே எல்லாரும் பரம்பரையாக மது வாசனையே தெரியாதவர்கள் என்று பேச்சு.

சபையின் ஆண்டு விழா வந்தது. சித்தி வியாழக்கிழமையே திராட்சையைப் பிழிந்து சர்ச் உள்ளறை ஃபிரிட்ஜில் வைத்தாள். அன்று மாலையே ஒலிபெருக்கி மாட்ட வந்த சித்தப்பா, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரில்லிங் மெஷினைச் செருகினார். வேலை முடிந்தது, மெஷினோடு கிளம்பிவிட்டார். பிளக் தரையிலேயே கிடந்தது. ஞாயிறு காலையில் அதைப் பார்த்துப் பதறிப்போய் சத்தமில்லாமல் செருகினார்.

"கொஞ்ச நேரத்துல சில்லுனு ஆயிடும். யாருக்குத் தெரியப்போகுது?" என்று எனக்குக் கண்ணடித்தார். கிண்ணங்களில் ஊற்றிய சித்திக்கு அன்றைக்குப் பார்த்து மூக்கடைப்பு.

ஆராதனையில் செயலாளர் சபை வரலாறு வாசித்தார். குடியை விட்ட மூட்டை தூக்குகிறவர்கள் சிலர், மூடிக்கிடந்த சாராயக்கடையில் ஒன்றுகூடி ஜெபித்ததுதான் இந்தச் சபையின் ஆரம்பம். அந்தப் பகுதியை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டார். "அன்று முதல் ஒரு சொட்டு மது இந்த வாசலைத் தாண்டவில்லை" என்பதை மட்டும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். கைதட்டல் வேறு.

திருவிருந்து ஆரம்பித்தது. முதல் வரிசை முழங்காலிட்டுக் குடித்தது. முகமெல்லாம் மலர்ச்சி. "இந்த வருஷம் ஜூஸ் பிரமாதம்," என்று பாடகர் குழு அத்தை கிசுகிசுத்தாள். பாவம், குடித்துப் பழகாத ஜனங்கள்.

அடுத்த வரிசையில் நானும் சித்தப்பாவும். சின்னக் கண்ணாடிக் கிண்ணம் மூக்கருகே போனதுமே அவர் கை நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வேர்வை. குடித்தால் பழைய ஆள் திரும்பி வந்துவிடுவான். வாயைத் திறந்தால் மானம் போய்விடும்.

"ஐயா, இது புளிச்சிருக்கு," என்றார் போதகரிடம். "யாரும் குடிக்காதீங்க. இது சரக்கு."

போதகர் மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

செயலாளர் பாய்ந்து வந்தார். "உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"பாதி ஆயுசு குடிச்சவனுக்குத் தெரியாதா? இதைக் குடிச்சா மறுபடி நிறுத்த என்னால முடியாதுங்க." குரல் உடைந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் வரிசைக் கோடியில் கிண்ணத்தோடு இருந்த பால்காரர் எழுந்தார். "எனக்கும் வாசனை வந்துச்சு. சொன்னா மாட்டிக்குவேனேன்னு கம்முனு இருந்தேன்."

முதல் வரிசையில் காலிக் கிண்ணத்தோடு இருந்த செயலாளரின் மாமனார் தலையைச் சொறிந்தார். "மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை. நானும் கண்டுபிடிச்சிட்டேன். குடிச்சும் முடிச்சிட்டேன்."

செயலாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போதகர் கிண்ணங்களையெல்லாம் திரும்ப வாங்கி வைத்தார். "செயலாளரே, அந்த முதல் பகுதியை இன்னொரு தரம் வாசிங்க. மெதுவா."

வாசித்து முடித்தபோது பல பேர் மூக்கை உறிஞ்சினார்கள். சித்தி வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. திடீரென்று ஏதோ நினைவு வந்தவள்போல நிமிர்ந்தாள்.

"ஆமா, ஃபிரிட்ஜுல வெச்சது எப்படிப் புளிச்சுது?"

அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்ன அதே மனுஷன், மெதுவாக என் பக்கம் விரலை நீட்டினார். "இவன்தான்."