முட்டையோடு ஒரு பேன்

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் மரச்சீனி விளைக்கு, அதாவது மரவள்ளித் தோட்டத்துக்கு, ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா வந்துகொண்டிருந்தார். இலையைக் கெடுக்கும் செம்பேன் என்ற பொடிப்பூச்சியைப் பிடித்துத் தின்கிற இன்னொரு பேனைத் தேடித்தான் வருவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். எந்த இலையைக் கண்டாலும் புரட்டிப் பார்ப்பார். சாப்பாட்டுக்குப் போட்ட வாழையிலையைக்கூட விட்டதில்லை.

கிடைத்ததெல்லாம் ஆண். பெண் கிடைத்தால்தான் என்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம்.

கடைசியாக வந்த அன்று, அவருக்கு உதவியாக இருக்கட்டுமென்று என் மனைவி இலைகளைப் பறித்து, நன்றாகக் கழுவித் தட்டில் வைத்திருந்தாள்.

“கழுவிட்டியளா அக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, வெயிலில் விளைக்குள் இறங்கினார்.

சாயங்காலம் தூரிகை நுனியில் ஒன்று ஏறியது. “பெண்ணாக்கும். வயித்துல முட்ட இருக்கு,” என்றார்.

“இத வச்சி இனி என்ன செய்யப் போறிய?” என்றாள் மனைவி.

“கொன்னு, கண்ணாடில ஒட்டி, முதுகுல உள்ள முடிய எண்ணணும். உயிரோட பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும் அக்கா.”

ஸ்பிரிட் குப்பியைத் திறந்தார். வெகுநேரம் லென்ஸில் பார்த்தார். பிறகு குப்பியை மூடிவிட்டுத் தூரிகையை இலையடியில் வைத்தார். அது இறங்கி ஓடியது.

“நாளைக்குப் பாப்போம்.”

அதன் பிறகு அவர் வரவேயில்லை. இரக்கப்பட்டுத்தான் விட்டார் என்கிறாள் மனைவி. அன்று திரும்பும்போது பஸ் படியில் ஏறத் தெம்பில்லாமல் கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றதை நான்தான் பார்த்தேன்; அவள் பார்க்கவில்லை.